திண்ணையில் கேட்ட வராளி

பிள்ளையை நினைத்துப் பூரிக்கும் தாயை வள்ளுவர் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்பதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. மகனைச் சான்றோன் என்று யாரோ சொல்கிறார்கள். அது அவள் காதில் விழுகிறது. பெற்ற பொழுதைவிட அதிகமாக மகிழ்கிறாள். மகன் சபையில் இருக்கிறான், மெச்சுகிறவர்களும் சபையில் இருக்கிறார்கள், அவள் மட்டும் வேறெங்கோ இருக்கிறாள். பரிமேலழகர் உரை எழுதும்போது இன்னும் ஒரு படி போய், பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள், ஆகவே பிறர் சொல்லக் கேட்டாள் என்று காரணமும் கொடுத்துவிட்டார். பெரியவரோடு சண்டைக்குப் போக முடியாது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் திண்ணையில் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த வரியை அவரே அடித்திருப்பார்.

அது ஒரு பாட்டு வாத்தியார் வீடு. முன்கூடத்தில் அவர் பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுப்பார். பின்கட்டில் அவர் மனைவியின் வீணை வகுப்பு. மாடியில் அவர் தம்பியின் மிருதங்கம். மூன்று சத்தமும் வாசல் திண்ணைக்கு வந்துதான் வெளியே போக வேண்டும். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும் அளவுக்கு நேரமில்லாத அம்மாக்கள் அங்கே உட்கார்ந்திருப்போம். ஒருத்தர் அவரைக்காய் நறுக்குவார். ஒருத்தர் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் திருத்துவார். நான் அலுவலகத்திலிருந்து நேராக வருகிறவள். சாப்பிடாமல் விட்ட மதியச் சாப்பாட்டை அந்தத் திண்ணையில்தான் முடிப்பேன். எங்களுக்குள் பெயர் கேட்டுக்கொள்ளவே ரொம்ப நாள் ஆயிற்று. பாட்டு அம்மா, வீணை அம்மா, வயலின் அம்மா. என் மகள் மாடிக்குப் போகிறவள் என்பதால் நான் மிருதங்கம் அம்மா.

கை வேலையில் இருக்கும், காது உள்ளே இருக்கும். மாடியில் தா தீ தொம் நம் என்று வரிசையாகப் பத்துப் பிள்ளைகள் தட்டினாலும் அதில் என் மகளுடைய தொம் எது என்று எனக்குத் தெரியும். அவளுடைய தீயில் கொஞ்சம் அவசரம் உண்டு. அதை வாத்தியார் கண்டுபிடிப்பதற்கு முன்பே நான் கண்டுபிடித்தேன். வீட்டில் சொன்னபோது, "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் வாத்தியாரும் அதையே சொன்னார். அதைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் அன்றைக்கு அடைக்கு அவியல் செய்தேன்.

தியாகராஜரின் பஞ்சரத்தினத்தில் நாலாவது கீர்த்தனை வராளி ராகம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் ஆதி தாளத்தில் நடக்கும். வராளியை மட்டும் குரு சீடனுக்கு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆகவே குரு தன்பாட்டுக்குப் பாடுவார், சீடன் தன்பாட்டுக்குக் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வாத்தியாரும் அப்படித்தான். வராளி வந்த வாரங்களில் பிள்ளைகள் பக்கம் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பாடுவார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். பிள்ளைகளுக்கு அந்த ஒரு ராகம்தான் அப்படி. எங்களுக்கு சரளி வரிசையிலிருந்து எல்லாமே அப்படித்தான் வந்து சேர்ந்தது. சம்பளமும் கட்டவில்லை, மனஸ்தாபமும் இல்லை.

மிருதங்கத்துக்கு அம்மாவாக இருப்பதில் சமையலறை சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் உண்டு. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டம் நிரந்தரமானது. கல்லைப் பொடித்துச் சோற்றோடு சேர்த்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது. இடது பக்கத்துத் தொப்பி அப்படியல்ல. வாசிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்ப வேண்டும். அந்தப் பிசைவில்தான் தொப்பியின் கார்வை இருக்கிறது. தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினால் ஒழுகும், குறைந்தால் உதிரும். உப்புமாவுக்கு வறுத்து வைத்த ரவை உதவாது, வறுக்காத ரவைதான் வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு டப்பா. கட்டைவிரலால் நடுவில் அழுத்தி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வழித்துக்கொண்டே போய், மறு கையால் ஒரு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் காலியாக வந்தால் இன்னும் ஒரு துளி. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல வந்தால் போதும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்; மறந்தால் தோலும் கெடும், எறும்பும் வரும். மகள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது பரீட்சையையும் கச்சேரியையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டு தவித்தாள். அன்றிலிருந்து திருச்சிக்குள் நடக்கும் கச்சேரிகளுக்கு ரவை பிசைவது என் வேலை ஆயிற்று. மேடைக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தோடு நான் நிற்பதைப் பார்த்துப் பிரசாதம் என்று கை நீட்டியவர்கள் உண்டு.

பெருமை என்று சொல்கிறார்களே, அது எந்த இடத்தில் வருகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கைதட்டல் வரும்போது இல்லை. அப்போது பயம் விட்டுப்போன ஆசுவாசம்தான். தனி ஆவர்த்தனம் தொடங்குகிற கணத்தில் எனக்குப் பெருமையும் கோபமும் சேர்ந்து வரும். பாடகர் ஓய்ந்து, மிருதங்கத்தைப் பார்த்துத் தலையசைத்ததும் கூட்டத்தில் பாதி காபிக்கு எழுந்திருக்கும். தமிழ்நாட்டுச் சபாக்களில் இது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் நான் உட்காருவதே காலைக் குறுக்கே நீட்டி வைத்துக்கொள்ளத்தான். "கொஞ்சம் வழி விடறீங்களா" என்று கேட்டால் மெதுவாக, ரொம்ப மெதுவாக, காலை மடக்குவேன். அதற்குள் அவள் முதல் தீர்மானத்தை வைத்துவிடுவாள். சிலர் நின்றபடி அதைக் கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்ததும் உண்டு. இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

பெண்ணுக்கு மிருதங்கமா என்று கேட்டவர்களுக்கு நான் பாலக்காடு மணி ஐயர் கதையைச் சொல்வேன். பெண் பாடகிகளுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்தவர் அவர். டி.கே. பட்டம்மாளுக்காகத்தான் அந்த விரதத்தை முதலில் விட்டார். பிறகு மணி ஐயரின் மகள் பட்டம்மாள் வீட்டு மருமகளானார். இரண்டு பேருக்கும் பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன். விரதம் மூன்று தலைமுறைகூடத் தாங்கவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருத்தராகத் திண்ணையை விட்டுப் போனார்கள். என் மகள் சென்னையில் ஒரு வேலையும் சாயங்காலக் கச்சேரிகளுமாக இருக்கிறாள். பாட்டு அம்மாவின் பெண் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி வழியே கீதம் சொல்லித்தருகிறாள். வீணை அம்மாவின் பெண் பெங்களூருக்குக் கல்யாணமாகிப் போனாள். வீணை உறைக்குள் இருக்கிறது. வயலின் அம்மாவின் பையன் கல்லூரிக் கடைசி வருடத்தில் வயலினை விற்று பைக் வாங்கினான். அவர் அதை ஒரு நாளும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. எங்களில் மூத்தவர் அவர்தான். மாசி மாதம் ஒரு நாள் அவரே போன் செய்தார். "ஆராதனைக் கூட்டமெல்லாம் கலைஞ்சிருக்கும். திருவையாறு போயிட்டு அப்படியே ஒரு சுத்து வருவோமா? யார் பிள்ளையும் வேண்டாம், நாம மட்டும்."

வேன் வைத்துக்கொண்டு கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போனோம். ஜனவரி 28இல் மேட்டூரை மூடுவது வழக்கம் என்பதால் காவிரியில் தண்ணீர் கொஞ்சம்தான், மணல்தான் அதிகம். வேனில் ஏறியதிலிருந்து பேச்சு முழுக்கப் பிள்ளைகள்தான். யார் பிள்ளையும் வேண்டாம் என்று சொன்னவர்தான் முதலில் ஆரம்பித்தார். வீணை அம்மா பேத்தி படத்தைக் காட்டினார். நான் மகளுடைய தனி ஆவர்த்தனத்தைக் கைபேசியில் போட்டேன். திருக்காட்டுப்பள்ளி தாண்டியபோது மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். கேட்கத்தான் ஆளில்லை.

திருவையாற்றில் பந்தல் பிரித்த மூங்கில் இன்னும் கிடந்தது. தை மாதக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்த இடம் இவ்வளவுதானா என்று இருக்கும். தியாகராஜர் சமாதிக்கு எதிரில் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலை இருக்கிறது. எல்லோரும் உள்ளே பார்த்துக் கும்பிடுகிறார்கள். முதுகுப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. தேவதாசி மரபில் வந்தவர். 1878இல் பிறந்தவர். கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதிக்குத் தன் சொத்தையும் நகையையும் போட்டு 1920களில் கோயில் எழுப்பினார். அவர் பணத்தில் எழுந்த கோயிலில் அவருக்கே பாட இடமில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று வித்வான்கள் இரண்டாகப் பிரிந்து ஆராதனை நடத்தினார்கள். பெண்கள் பாடக் கூடாது என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் ஒற்றுமை. அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஓர் ஆராதனையே தொடங்கிவிட்டார். 1940களின் தொடக்கத்தில் எல்லாம் ஒன்றாகி, ஆணும் பெண்ணும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும் இன்றைய வழக்கம் வந்தது. 1952இல் அவர் மறைந்தார். கட்டியவரையும் வாசலில் நிறுத்துகிற புத்தி பரிமேலழகரோடு முடிந்துபோகவில்லை என்று வீணை அம்மாவிடம் சொன்னேன். அவர் தமிழாசிரியை, பரிமேலழகரை விட்டுக்கொடுக்க மாட்டார். "அவர் சொன்னது இலக்கணம்டி, இவங்க பண்ணினது அராஜகம்" என்றார்.

பாடலாம் என்றது யார் என்று நினைவில்லை. பாட்டு அம்மா கைபேசியில் தம்புராவைப் போட்டார். உடனே சுருதிச் சண்டை. மகள் பாடும் ஐந்தரைக் கட்டைதான் அவருக்கு வசதி என்று நினைத்திருக்கிறார். வாயைத் திறந்ததும் எட்டவில்லை. நாலரைக்கு இறங்கினோம். நாட்டையை ஒப்பேற்றினோம். கௌளையில் வீணை அம்மா பாதியில் கழன்றுகொண்டார். ஆரபியில் சரணங்கள் வரிசை மாறி, போன இடத்துக்கே திரும்பி வந்தோம். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டு, இது ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்ததுபோல ஒதுங்கிப் போயிற்று.

வராளிக்கு வந்ததும் மூன்று பேரும் நிறுத்திக்கொண்டோம். வயலின் அம்மா மட்டும் போனார். நிதானமாக, அழுத்தாமல், வயலினில் வில் திரும்புகிற இடத்தில் மூச்சை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சரணத்திலும் முதலில் ஸ்வரம், பிறகு சாகித்யம் என்று ஒன்றுகூடத் தவறாமல் பாடினார். வராளியின் அந்த நெருக்கமான ரிஷபமும் காந்தாரமும் பெரிய பாடகர்களையே தடுமாற வைக்கும். அவர் அதைத் தொட்ட விதத்தில் எங்கள் வாத்தியாரின் குரல் சாயலே இருந்தது. நான் தாளம் போட்டேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. இத்தனை வருடமாக மடியில் யாருக்கும் தெரியாமல் போட்ட தாளத்தை அன்றைக்குத் தொடையில் சத்தம் வரத் தட்டினேன். பாட்டு அம்மா அழுதார். அவர் வேனில் விஜய் படத்துக்கே அழுதவர் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முடிந்ததும், "எப்பக்கா கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"கத்துக்கிட்டேனா? அவன் வீட்டுல சாதகம் பண்றப்ப தப்பு விட்டா சொல்றதுக்கு எனக்குத் தெரியணும்ல? அவன் வயலின வித்தான், சரி. கேட்டதெல்லாம் எங்கிட்டதான இருக்கு."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு எதுக்கு? ரெண்டாவது சனிக்கிழமை ஆனா ஓசூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து, அந்த பைக்ல வச்சுத்தான் என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். நீங்கள்லாம் கச்சேரியச் சொல்லிப் பீத்திக்கிறீங்க. நான் இதச் சொல்லிப் பீத்திக்கிறேன்."

அசோகா வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் போனோம். என் மகளின் மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றிக்கொடுப்பவர் வீடு அங்கே இருக்கிறது. போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு மூன்று பேரும் கூடவே இறங்கினார்கள். குழி குடைந்த பலாக்கட்டைகள் சுவரோரம் நின்றன. ஊறவைத்த தோலின் வாடை. அவர் வாரை இழுத்துக் காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கறுப்பு வட்டத்தைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார். வீணை அம்மா அதுவரை இது என்ன தோல் என்று யோசித்தே பார்த்ததில்லை. கேட்டார். மாடு, எருமை, ஆடு மூன்றும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். வீணை அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பசுவைக் கோமாதா என்று கும்பிடுகிற கூடங்களில்தான் இது தொடை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தின் தலைமுறைகளும், பாலக்காடு மணி ஐயருக்குச் செய்துகொடுத்த பர்லாந்தும் அதில் வருகிறார்கள். மணி ஐயரின் நாதம் என்று உலகம் கொண்டாடியதில் பர்லாந்தின் காதுக்கும் பங்கு உண்டு. கச்சேரி அறிவிப்பில் பாடகர் பெயர் வரும், வயலின் வரும், மிருதங்கம் வரும், தம்புரா போடும் பெண்ணின் பெயர்கூட இப்போது வருகிறது. தோல் கட்டியவர் பெயர் வருவதில்லை.

"பாப்பா போன மாசம் டிவியில வாசிச்சுச்சே, பாத்தேன்" என்றார் அவர். எனக்கு முகம் மலர்ந்தது. "நாலரைக் கட்டை மிருதங்கம் நல்லாப் பேசிச்சு. தொப்பிதான் ரெண்டாவது பாட்டுல எறங்கிருச்சு. ரவை கெட்டியாப் பெசஞ்சிருக்காங்க, காஞ்சு உதுந்துருச்சு." சென்னையில் ரவை பிசைந்தது நானல்ல. அதை உடனே சொல்லத் தோன்றியது, சொன்னேன். அவர் சிரித்தார். அவர் அந்தக் கச்சேரியில் என் மகளைப் பார்க்கவில்லை, தன் மிருதங்கத்தைத்தான் பார்த்திருக்கிறார் என்று புரிந்தது. நானும் மிருதங்கத்தைப் பார்க்கவில்லை. ஒரே கச்சேரியை இரண்டு பேரும் அவரவர் பிள்ளைக்காகப் பார்த்திருக்கிறோம்.

மறுநாள் திருவாரூர். மும்மூர்த்திகள் மூன்று பேரும் பிறந்த ஊர். பாட்டு அம்மா அந்த வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். வெயிலில் அலைந்தது தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கோயிலில் இருக்கும் பஞ்சமுக வாத்தியத்தைப் பார்க்க வேண்டும். பெரிய வெண்கலக் குடம். மேலே ஐந்து வாய். நடுவில் ஒன்று பெரிது, சுற்றி நாலு. ஒவ்வொன்றிலும் தோல் கட்டி, ஒரே ஆள் ஐந்தையும் வாசிக்க வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது, இதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற தாய் யார் என்பதுதான். பக்கத்தில் போய் ஒரு வாயின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "தொட்டியா? சத்தம் எப்படி?" என்று உடனே பதில் வந்தது. தட்ட விடவில்லை என்று எழுதினேன். "நீயா கேட்டு நடக்கிறவ?" என்று திரும்பி வந்தது.

திரும்பும்போது அடுத்து எங்கே என்ற பேச்சு வந்தது. வீணை அம்மா குடுமியான்மலை என்றார். புதுக்கோட்டைப் பக்கம் பாறையில் ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சீடர்களின் நன்மைக்காக ஓர் அரசன் வெட்டியது என்று அதிலேயே இருக்கிறதாம். பாறை ஏற மூட்டு ஒத்துழைக்காது என்று பாட்டு அம்மா தள்ளிவிட்டு, எட்டயபுரம் என்றார். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமான ஊர், சமாதி அங்கே இருக்கிறது, இந்தத் தடவை தீட்சிதர் கிருதிகளைத் தயார் செய்துகொண்டு போவோம், ஆரபியில் நடந்த மானக்கேடு வேண்டாம் என்றார். வயலின் அம்மா சரி என்றார். அவர் சரி என்றால் முடிவான மாதிரிதான்.

"எட்டயபுரத்துல மிருதங்கத்துக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

வயலின் அம்மா பின்சீட்டிலிருந்து எட்டி என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "நீ எப்படி மிருதங்கம் ஆன? தாளம் போடத் தெரியும்ல, பேசாம வா."